பி.எஸ்.ஏ 4-ஐத் தாண்டினாலே கேன்சரா? புரோஸ்டேட் பரிசோதனை யாருக்கு, எப்போது? எந்த சிகிச்சை? - முழு விளக்கம்

பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் நசரத்பேட்டை. அவுட்டர் ரிங் ரோடு குறுக்கே போகும் இடம். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகும் இந்த ரோட்டில் டீக்கடைக்கு அடுத்தபடியாகக் கண்ணில் படுவது மெடிக்கல் ஷாப்பும் ரத்தப் பரிசோதனை லேப்பும்தான். லேப் வாசலில் 'மாஸ்டர் ஹெல்த் செக்கப்' போர்டு இருக்கும். சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு என்று போகும் அந்தப் பட்டியலில், 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கான பேக்கேஜ் என்றால் கடைசியில் ஒரு வரி சேர்ந்திருக்கும்: பி.எஸ்.ஏ.

அது எதற்கு என்று யாரும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் வரும். பி.எஸ்.ஏ என்ற இடத்தில் 5.8 என்று தடித்த எழுத்தில் இருக்கும். கூகுளில் போட்டுப் பார்த்தால் முதலில் வருவது 'கேன்சர்'. அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாருக்கும் தூக்கம் இருக்காது.

'ஆண்களே உஷார்!' என்று தலைப்பு போட்டால் கிளிக் வரும்தான். ஆனால் இந்த விஷயத்தில் பயம் இரண்டு பக்கமும் தப்பாக இழுத்துக்கொண்டு போகும். ஒரு பக்கம், டெஸ்ட்டே வேண்டாம் என்று ஓடுபவர்கள். இன்னொரு பக்கம், ஒரு நம்பரைப் பார்த்த உடனே ஆபரேஷன் டேட் கேட்பவர்கள். இரண்டுமே ஆபத்துதான். ஏன் என்று பார்ப்போம்.

புரோஸ்டேட் என்றால் என்ன?

ஆண்களுக்கு மட்டுமே இருக்கும் சுரப்பி இது. சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றி மோதிரம் மாதிரி உட்கார்ந்திருக்கும். இளம் வயதில் ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். விந்தணுக்கள் நீந்திப் போகத் தேவையான திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது இதன் வேலை.

வயது ஏற ஏற இது வீங்கும். 50-களில் இருக்கும் ஆண்களில் சுமார் பாதிப் பேருக்கும், 80-ஐத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்கும் இந்த வீக்கம் இருக்கும். இது கேன்சர் இல்லை. கேன்சராக மாறுவதும் இல்லை. ஆனால் குழாயை நெருக்குவதால் யூரின் சொட்டுச் சொட்டாக வரும், முழுசாகப் போன திருப்தி இருக்காது, ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்திருக்க வேண்டி வரும்.

'வயசாயிடுச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்' என்று அப்பா சொல்வார். பாதி நேரம் அவர் சொல்வது சரிதான். பிரச்னை மீதி பாதியில் இருக்கிறது. புரோஸ்டேட் கேன்சர் பெரும்பாலும் சுரப்பியின் வெளி ஓரத்தில், குழாயில் இருந்து தள்ளி ஆரம்பிக்கிறது. அதனால் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. வலி இல்லை, எரிச்சல் இல்லை, ரத்தம் இல்லை. அறிகுறி தெரிந்த பிறகு போகலாம் என்று காத்திருப்பவருக்குத் தெரியும் முதல் அறிகுறி பல சமயம் முதுகு வலியாகவோ இடுப்பு வலியாகவோ இருக்கும். அதாவது அது எலும்புக்குப் போன பிறகு. 'சயாட்டிகா' என்று மாதக்கணக்கில் மாத்திரை போட்டுவிட்டு, கடைசியில் ஸ்கேனில் தெரிய வரும் கதைகள் மருத்துவமனைகளில் சகஜம்.

இந்தியாவில் நிலைமை என்ன?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வெளியிட்ட 2022-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலகம் முழுக்க அந்த வருடம் 14 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்களுக்குப் புரோஸ்டேட் கேன்சர் கண்டுபிடிக்கப்பட்டது. இறந்தவர்கள் சுமார் 3 லட்சத்து 97 ஆயிரம் பேர். இந்தியாவில் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 38 ஆயிரம் பேர். இறந்தவர்கள் சுமார் 18 ஆயிரம் பேர்.

இந்த இரண்டு ஜோடி எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலக அளவில் புதிய நோயாளிகளோடு ஒப்பிட்டால் இறப்பு நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. நம் நாட்டில் கிட்டத்தட்ட பாதி. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தேவைக்கு அதிகமாகவே டெஸ்ட் எடுத்து, ஒன்றும் செய்யாமலே இருந்திருக்கக்கூடிய கட்டிகளையும் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் அங்கே எண்ணிக்கை ஏறுகிறது, விகிதம் இறங்குகிறது. நமக்கு நேர் எதிர். கணிசமானவர்கள் நோய் பரவிய பிறகுதான் டாக்டர் முன்னால் வந்து உட்காருகிறார்கள்.

இனி இது கூடத்தான் போகிறது. 2020-ல் 14 லட்சமாக இருந்த ஆண்டு பாதிப்பு 2040-ல் 29 லட்சமாக இரட்டிப்பாகும் என்று 2024-ல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணித்தது. காரணம் ரொம்ப சிம்பிள்: மக்கள் அதிக வயது வாழ்கிறார்கள். இது முதுமையின் கேன்சர். ஆயுள் கூடும் மாநிலங்களில் இதுவும் கூடும். தமிழ்நாடு அந்த வரிசையில் முன்னால் நிற்கும் மாநிலம்.

அரசு ஸ்கிரீனிங்கில் இது இருக்கிறதா?

இல்லை. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு நடத்தும் புற்றுநோய் ஸ்கிரீனிங்கில் வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய மூன்றுதான். தமிழ்நாட்டில் 2023-ல் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் வீடு வீடாக அழைப்பு கொடுத்துத் தொடங்கிய திட்டத்திலும் இதே மூன்றுதான் இருந்தன. புரோஸ்டேட்டுக்கு யாரும் உங்கள் வீட்டுக்கு வந்து அழைக்கப் போவதில்லை. அதனால் இந்த முடிவை எடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

இதை அரசின் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. பல பணக்கார நாடுகளே எல்லா ஆண்களுக்கும் பி.எஸ்.ஏ ஸ்கிரீனிங் வைக்கத் தயங்குகின்றன. பிரிட்டனின் ஸ்கிரீனிங் குழு 2025 நவம்பரில் வெளியிட்ட வரைவுப் பரிந்துரையில், பி.ஆர்.சி.ஏ என்ற மரபணுக் கோளாறு உள்ள ஆண்களுக்கு மட்டும், 45 முதல் 61 வயது வரை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றது. அப்படி என்ன தயக்கம்?

பி.எஸ்.ஏ டெஸ்ட்டில் என்ன சிக்கல்?

பி.எஸ்.ஏ என்பது புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். அதில் கொஞ்சம் ரத்தத்திலும் கசியும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் சில நூறு ரூபாயில் தெரிந்துவிடும். அமெரிக்காவில் 1986-ல் இது முதலில் அனுமதி பெற்றது, ஏற்கெனவே கேன்சர் உள்ளவர்களைக் கண்காணிக்க மட்டும்தான். கேன்சரைக் கண்டுபிடிக்க உதவும் டெஸ்ட்டாக அனுமதி கிடைத்தது 1994-ல்.

கவனிக்க வேண்டிய விஷயம், இது புரோஸ்டேட் சொல்லும் செய்தி. கேன்சர் சொல்லும் செய்தி அல்ல. சாதாரண வீக்கத்திலும் ஏறும். யூரின் இன்ஃபெக்‌ஷனில் ஏறும். சிறுநீர்க் குழாயில் டியூப் போட்டிருந்தால் ஏறும். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பு தாம்பத்திய உறவு, அதிக நேரம் சைக்கிள் ஓட்டியது, இவற்றால்கூடக் கொஞ்சம் ஏறலாம். இன்ஃபெக்‌ஷன் இருந்தால் அது சரியாகி ஆறு வாரமாவது கழித்துத்தான் டெஸ்ட் எடுக்க வேண்டும்.

இறங்கும் விஷயமும் ஒன்று உண்டு. ஃபினாஸ்டெரைடு மாத்திரை. புரோஸ்டேட் வீக்கத்துக்கும் கொடுப்பார்கள், முடி கொட்டுவதற்கும் கொடுப்பார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ அளவு சுமார் பாதியாகிவிடும். ரிப்போர்ட்டில் 3 என்று இருந்தால் அதை 6 என்று படிக்க வேண்டும். முடிக்குத்தானே சாப்பிடுறோம், இதை ஏன் சொல்லணும் என்று நினைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்போ 4 என்ற எல்லைக்கோடு? அது ஒரு வசதிக்காகப் போட்ட கோடு. 4-க்கும் 10-க்கும் நடுவே இருப்பவர்களில் கேன்சர் உறுதியாவது ஏறத்தாழ நாலில் ஒருத்தருக்குத்தான் என்கின்றன அமெரிக்கக் கணக்குகள். 10-ஐத் தாண்டினால் வாய்ப்பு பாதிக்கு மேல். மறுபக்கம், அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் 4-க்குக் கீழே இருந்தவர்களிலும் சுமார் 15 சதவீதம் பேருக்கு பயாப்சியில் கேன்சர் தெரிந்தது. ஆக, 4.2 வந்தால் இடி விழுந்ததும் இல்லை, 3.8 வந்தால் இனி கவலையே இல்லை என்றும் இல்லை. ஒரு தடவை வந்த எண்ணைவிட, சில வருடங்களில் அது எப்படி நகர்கிறது என்பதுதான் பேசும். அதனால் பழைய ரிப்போர்ட்டுகளை போனில் இருந்து டெலிட் செய்யாதீர்கள்.

டெஸ்ட் எடுத்தால் உயிர் பிழைப்போமா?

1990-களில் ஐரோப்பாவில் தொடங்கிய ஒரு ஆய்வு இதற்குப் பதில் தேடியது. 55 முதல் 69 வயது வரை உள்ள 1 லட்சத்து 62 ஆயிரம் ஆண்கள். ஒரு பிரிவினருக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் பி.எஸ்.ஏ டெஸ்ட், இன்னொரு பிரிவினருக்கு அழைப்பு இல்லை. 23 வருடம் பின்தொடர்ந்த முடிவுகள் 2025 அக்டோபரில் வெளியாயின. டெஸ்ட்டுக்கு அழைக்கப்பட்டவர்களில் புரோஸ்டேட் கேன்சர் மரணம் 13 சதவீதம் குறைவு. அதாவது, 456 பேரை அழைத்தால் ஒரு மரணம் தடுக்கப்படுகிறது.

ஒரே ஒரு தடவை டெஸ்ட் எடுத்தால் போதாதா? பிரிட்டனில் அதையும் பார்த்தார்கள். ஒரு முறை மட்டும் பி.எஸ்.ஏ-வுக்கு அழைத்து 15 வருடம் கழித்துப் பார்த்ததில், புரோஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் அழைத்த பிரிவில் 0.69 சதவீதம், அழைக்காத பிரிவில் 0.78 சதவீதம். வித்தியாசம் இருக்கிறது, ஆனால் ரொம்பச் சின்னது. பலன் வேண்டுமென்றால் விட்டு விட்டு ஆயுளில் சில தடவையாவது எடுக்க வேண்டும் என்பதுதான் இதில் தெரிவது. கம்பெனி கேம்ப்பில் ஓசியில் ஒருமுறை எடுத்துவிட்டு மறந்துபோவதில் பெரிய லாபம் இல்லை.

நஷ்டக் கணக்கும் இருக்கிறது. வேறு காரணங்களால் இறந்த முதியவர்களின் உடல்களை ஆராய்ந்த ஆய்வுகளில், 80 வயதை நெருங்கியும் தாண்டியும் வாழ்ந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் புரோஸ்டேட்டில் கேன்சர் செல்கள் இருந்தன. அவர்களுக்கு அது தெரியாது. அதனால் அவர்கள் சாகவும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு கட்டியைத் தேடிக் கண்டுபிடித்து, ஆபரேஷன் செய்து, அதன் பக்க விளைவோடு 15 வருடம் வாழ வைப்பதுதான் அதீத சிகிச்சை. இந்தக் காரணத்தால்தான் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2012-ல் பி.எஸ்.ஏ ஸ்கிரீனிங்கே வேண்டாம் என்றது. பிறகு 2018-ல் மாற்றி, 55 முதல் 69 வயது வரை டாக்டரிடம் பேசி அவரவர் முடிவெடுக்கலாம், 70-க்கு மேல் வழக்கமான ஸ்கிரீனிங் வேண்டாம் என்றது.

யாருக்கு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை?

இப்போது பல மருத்துவ அமைப்புகள் சொல்வதைச் சேர்த்துப் பார்த்தால் இப்படி வரும். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றால் 50 வயதையொட்டி முதல் டெஸ்ட் பற்றி டாக்டரிடம் பேசலாம். அதன் பிறகு வருடா வருடம் தேவையில்லை; இரண்டில் இருந்து நான்கு வருடத்துக்கு ஒருமுறை போதும். அளவு ரொம்பக் குறைவாக இருந்தால் இடைவெளியை இன்னும் நீட்டலாம். ஸ்வீடனில் நடந்த ஒரு ஆய்வில், 60 வயதில் பி.எஸ்.ஏ 1 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பின்னாளில் இந்தக் கேன்சரால் இறப்பது மிக அரிது என்று தெரிந்தது.

அப்பாவுக்கோ கூடப் பிறந்த அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தால் கணக்கு மாறும். ரிஸ்க் இரண்டு மடங்குக்கு மேல். 40 முதல் 45 வயதிலேயே பேச்சைத் தொடங்க வேண்டும். பலருக்கும் தெரியாத ஒன்று: அம்மா வழியையும் கேட்க வேண்டும். அம்மா, பெரியம்மா, சித்தி, அக்கா என்று யாருக்காவது இளம் வயதில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ வந்திருந்தால், அதே பி.ஆர்.சி.ஏ மரபணு மகனுக்கும் வந்திருக்கலாம். அது புரோஸ்டேட் கேன்சர் வாய்ப்பைக் கூட்டும், வந்தால் வீரியமாகவும் வரும். நம் வீடுகளில் 'மார்ல கட்டி' என்பதை ஆண் பிள்ளைகளிடம் சொல்வதே இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஸ்காட்லாந்தின் ஒலிம்பிக் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய்க்கு 2023-ல் கண்டுபிடித்தபோது வயது 47. அவருடைய அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் இதே நோய் இருந்தது. அவருக்குத் தெரிய வந்தபோது எலும்பு வரை பரவியிருந்தது.

70-க்கு மேல்? பொதுவாக வேண்டாம். ஆனால் 72 வயதில் தினமும் நாலு கிலோமீட்டர் நடப்பவரும், 62 வயதில் இதயம், கிட்னி இரண்டும் பழுதானவரும் ஒன்றல்ல. இன்னும் பத்து, பதினைந்து வருட ஆயுள் எதிர்பார்க்கலாமா என்பதுதான் டாக்டர் மனதில் போடும் கணக்கு. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜோ பைடனுக்கு 2025 மே மாதம் வீரியமான புரோஸ்டேட் கேன்சர் எலும்புக்குப் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டபோது, அவருக்குக் கடைசியாக பி.எஸ்.ஏ எடுத்தது 2014-ல் என்று அவரது தரப்பு சொன்னது. விதிப்படி பார்த்தால் அதில் தப்பில்லை. ஆனாலும் உலகம் முழுக்க இந்த விவாதம் மறுபடி கிளம்பியது அதற்குப் பிறகுதான்.

பி.எஸ்.ஏ அதிகம் வந்தால் அடுத்து என்ன?

முதலில், சில வாரம் கழித்து அதே டெஸ்ட்டை மறுபடி எடுப்பார்கள். பாதி டென்ஷன் இங்கேயே முடிந்துவிடலாம். கூடவே டாக்டர் கையுறை போட்டு ஆசனவாய் வழியாக விரலால் புரோஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பார். இந்த ஒரு நிமிடத்துக்குக் கூச்சப்பட்டே பல ஆண்கள் டாக்டரிடம் போவதில்லை என்பதுதான் நிஜம்.

யாரிடம் போவது என்பதிலும் குழப்பம் உண்டு. 'கிட்னி டாக்டர்' என்று நாம் சொல்வது இரண்டு பேரை. டயாலிசிஸ் பார்ப்பவர் நெஃப்ராலஜிஸ்ட். நீங்கள் பார்க்க வேண்டியவர் யூராலஜிஸ்ட்.

மறுபடியும் அதிகம் என்றால் முன்பெல்லாம் நேராக பயாப்சிதான். இப்போது முதலில் எம்.ஆர்.ஐ ஸ்கேன். சந்தேகமான இடம் இருந்தால் அந்த இடத்தைக் குறிவைத்து ஊசி. ஒன்றும் இல்லை என்றால் பலருக்கு பயாப்சியையே தவிர்க்கலாம். 2017, 2018-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் எம்.ஆர்.ஐ முதலில் எடுத்ததால் நாலில் ஒருவருக்கு மேல் பயாப்சி தேவைப்படவில்லை. பி.எஸ்.ஏ மீதிருந்த பழைய குற்றச்சாட்டு பாதி குறைந்ததற்கு இதுதான் காரணம்.

இங்கே ஒரு பழைய பயம் குறுக்கே வரும். 'ஊசி பட்டா பரவிடும், கத்தி பட்டா கேன்சர் எழுந்துக்கும்.' என் பெரியப்பா ஒருத்தர் இதைச் சொல்லியே எட்டு மாதம் தள்ளிப்போட்டார். அந்த எட்டு மாதமும் நெருஞ்சில் கஷாயம்தான். பயாப்சியால் புரோஸ்டேட் கேன்சர் பரவும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. அதில் இருக்கும் நிஜமான ரிஸ்க் இன்ஃபெக்‌ஷனும் கொஞ்ச நாள் ரத்தம் கலந்து வருவதும். நெருஞ்சில் குடிப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அது டெஸ்ட்டுக்கு மாற்று இல்லை.

பயாப்சி ரிப்போர்ட்டில் 'கிளீசன்' என்று ஒரு ஸ்கோர் இருக்கும். 6 என்றால் மெதுவாக வளரும் ரகம். 7 நடுத்தரம். 8, 9, 10 வீரியமானது. சிகிச்சையை முடிவு செய்வதில் பி.எஸ்.ஏ-வைவிட இந்த எண்ணுக்குத்தான் குரல் அதிகம். எலும்புக்கோ வேறு இடத்துக்கோ போயிருக்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேன் அல்லது பி.எஸ்.எம்.ஏ பெட் ஸ்கேன் எடுப்பார்கள்.

கேன்சர்தான் என்று உறுதியானால் உடனே ஆபரேஷனா?

இல்லை. பலருக்கும் நம்பக் கஷ்டமாக இருக்கும் பதில் இது.

பிரிட்டனில் 1,643 ஆண்களை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் பி.எஸ்.ஏ மூலம் கண்டறியப்பட்ட, பரவாத கேன்சர். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு, ஒரு பிரிவுக்கு உடனே எதுவும் செய்யாமல் தொடர் கண்காணிப்பு. 15 வருடம் கழித்து 2023-ல் முடிவு வந்தது. புரோஸ்டேட் கேன்சரால் இறந்தவர்கள் மொத்தம் 45 பேர், 2.7 சதவீதம். மூன்று பிரிவுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் பரவியது. மற்ற இரண்டிலும் சுமார் 5 சதவீதம். கண்காணிப்பில் இருந்தவர்களில் பலர் நடுவில் சிகிச்சைக்கு மாறினார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஆக, கிளீசன் 6, குறைந்த பி.எஸ்.ஏ என்றால் 'சும்மா பார்த்துக்கிட்டு இருப்போம்' என்று டாக்டர் சொன்னால் அவர் கைவிட்டுவிட்டார் என்று அர்த்தமில்லை. அதுவே ஒரு சிகிச்சை முறை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ, மறுபடி பயாப்சி என்று அட்டவணை இருக்கும். அந்த அட்டவணையை விட்டுவிட்டால் அது கண்காணிப்பு இல்லை, வெறும் மறதி. ஒழுங்காகத் திரும்பி வர முடியாது என்று தெரிந்தால் அதையும் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்வது நல்லது. டிரைவர் வேலை, வெளியூர் சைட் வேலை என்று இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆபரேஷன் என்றால் சுரப்பியை முழுசாக எடுப்பது. சிங்கப்பூரின் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் 2015-ல் இதைத்தான் தேர்ந்தெடுத்தார். எம்.ஆர்.ஐ-யில் சந்தேகம், பயாப்சியில் எடுத்த 38 மாதிரிகளில் ஒன்றில் மட்டும் கேன்சர் செல்கள். 63 வயதில் ரோபோ உதவியுடன் அறுவை செய்துகொண்டு, அதன் பிறகு 2024 வரை பிரதமராக இருந்தார். வேறொருவர் அதே ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் டாக்டர்கள் அதைத் தப்பு என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரோபோ என்றாலே தனியார் மருத்துவமனை, லட்சங்கள் என்றுதான் நினைக்கிறோம். சென்னை ஓமந்தூரார் அரசு பன்னோக்கு மருத்துவமனையில் 2022 மார்ச்சில் சுமார் 34 கோடி ரூபாயில் ரோபோட்டிக் அறுவை சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. அங்கே விசாரிக்காமல் நகையை அடகு வைக்க வேண்டாம்.

பக்க விளைவு பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதனால் இங்கே பேசிவிடலாம். ஆபரேஷனுக்குப் பிறகு யூரின் கட்டுப்பாடு போகலாம். இருமினால், தும்மினால் கசியும். பலருக்கு மாதங்களில் சரியாகும். ஆனால் மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில், ஆபரேஷன் பிரிவில் 12 வருடம் கழித்தும் ஏறத்தாழ நாலில் ஒருத்தர் தினமும் பேட் பயன்படுத்தினார். கதிர்வீச்சுப் பிரிவில் அது 8 சதவீதம். விறைப்புக் குறைபாடு இரண்டிலும் வரும். ஆபரேஷனில் உடனே, கதிர்வீச்சில் மெதுவாக. கதிர்வீச்சில் மலம் கழிப்பதில் தொந்தரவு, சில சமயம் ரத்தம் வரலாம். கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்து டாக்டர் முன்னால் உட்கார்ந்து கேட்க வேண்டியது இது. மகன் மட்டும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து 'ஆபரேஷன்பா' என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அது சரியாக வராது.

கதிர்வீச்சில் இப்போது நாள் கணக்கு குறைந்திருக்கிறது. முன்பு ஏழு, எட்டு வாரம். பிறகு நான்கு வாரத்தில் 20 தடவை என்று ஆனது. பொருத்தமான சிலருக்கு வெறும் 5 தடவையிலேயே முடிக்கலாம் என்று 2024-ல் வெளியான ஆய்வு காட்டியது. நசரத்பேட்டையில் இருந்து அடையாறுக்கு தினமும் போய் வருபவருக்கு 20-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் பஸ் காசு மட்டும் இல்லை; கூட வரும் மகனுடைய சம்பள நாளும்தான். 'எத்தனை தடவை வரணும் டாக்டர்?' என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பரவிவிட்டது என்றால்?

அப்போதும் கதை முடிந்தது என்று இல்லை. புரோஸ்டேட் கேன்சர் ஆண் ஹார்மோனை உண்டு வளரும். அதை நிறுத்தினால் சுருங்கும் என்று 1941-ல் காட்டியவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இன்றைக்கும் அடிப்படைச் சிகிச்சை அதுதான். இரண்டு வழி: மாதம் அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசி, அல்லது இரண்டு விதைகளையும் எடுத்துவிடும் சின்ன ஆபரேஷன். பலன் ஏறத்தாழ ஒன்றுதான். ஊசி ஆயுள் முழுக்கச் செலவு. ஆபரேஷன் ஒரே தடவை. அதனால்தான் இந்தியாவில் இன்னும் பலர் ஆபரேஷனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், மனசு ஒப்புக்கொள்கிறதா என்பதையும் அவரிடம் கேட்க வேண்டும்.

இதோடு அபிராட்டெரோன் போன்ற மாத்திரைகளைச் சேர்த்தால் ஆயுள் கூடுவது நிரூபணமாகியிருக்கிறது. அதன் ஜெனெரிக் மருந்துகள் இந்தியாவில் கிடைக்கின்றன. எலும்புக்குப் பரவியவருக்குத் திடீரென்று கால் மரத்துப்போனால், நடக்க முடியாமல் போனால், யூரின் நின்றுபோனால் காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. முதுகெலும்பு தண்டுவடத்தை நெருக்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே, அந்த மணியிலேயே எமர்ஜென்சி.

மேற்குப் புறநகரில் இருப்பவர்கள் எங்கே போகலாம்?

நசரத்பேட்டை, திருமழிசை, பூந்தமல்லி பகுதியில் இருப்பவர்களுக்கு ரோட்டின் இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. சென்னைப் பக்கம் போனால் கீழ்ப்பாக்கம், ராயப்பேட்டை, ஸ்டான்லி, சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அடையாறில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியில் 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மையம். சென்னையின் புற்றுநோய்ப் பதிவேட்டை 1980-களில் இருந்து பராமரிப்பதும் இவர்கள்தான். எதிர்ப்பக்கம், இதே பெங்களூரு ரோட்டில் போனால் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவு அரசு புற்றுநோய் மருத்துவமனை. டிராஃபிக்கைக் கணக்கு போட்டால் சில சமயம் காஞ்சிபுரமே சீக்கிரம். போர்டைப் பார்த்துத் தனியார் மருத்துவமனைக்குப் போகும் முன், இரண்டாவது கருத்துக்காவது இவற்றில் ஒன்றை எட்டிப் பார்க்கலாம்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். புற்றுநோய் அறுவை, கதிர்வீச்சு, கீமோ ஆகியவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் பயன்படுத்தலாம். எந்தெந்த முறைக்கு, எவ்வளவு வரை என்பதை அட்மிஷன் போடும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். கார்டு இல்லை என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழோடு கலெக்டர் ஆபீஸில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். நசரத்பேட்டைக்காரர்கள் பூந்தமல்லி தாலுகா என்பதால் திருவள்ளூர் கலெக்டர் ஆபீஸ். எங்கே போவது என்றே தெரியவில்லை என்றால் 104-க்கு போன் செய்து கேட்கலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள்.